வழுக்காத டைல்

அன்று டைல் கடைக்குள் இருந்தவர்கள்: நான். என் மனைவி. மகன். கடைக்காரச் சீனர். மருமகள் நேரில் வரவில்லை. மகனின் கைப்பேசியில் முகத்தை மட்டும் காட்டிக்கொண்டிருந்தாள்.

கடை கிள்ளானில், பந்திங் போகும் சாலையில். எங்கள் வீடும் கிள்ளான்தான். சமையலறை பத்தடிக்குப் பன்னிரண்டடி. பழைய தரை வழவழவென்று தேய்ந்துவிட்டது. வெள்ளிக்கிழமை தவறாமல் மனைவி அங்கே வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, தேய்த்து, பின்வாசல் வழியாகத் தள்ளிவிடுவாள். துடைப்பதெல்லாம் அவளுக்குக் கழுவின கணக்கில் வராது. போன வருஷம் அப்படிக் கழுவும்போது வழுக்கி விழுந்தாள். இடது மணிக்கட்டு முறிந்து, கோணலாகச் சேர்ந்தது. அதனால்தான் தரையை மாற்றுகிறோம் என்று நாங்கள் இருவரும் நினைத்துக்கொண்டு போனோம்.

கடையில் அவள் செருப்பைக் கழற்றினாள். பையிலிருந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்து, கீழே பரப்பியிருந்த மாதிரி டைல்களில் ஊற்றினாள். ஒவ்வொன்றிலும் ஏறி நின்று பாதத்தை இழுத்துப் பார்த்தாள்.

“ஆன்டி, இது கடை லா. பாத்ரூம் இல்ல,” என்றார் சீனர். அவருக்குத் தமிழ் கொஞ்சம் வரும்.

“நான் விழுந்தா நீங்களா வந்து தூக்குவீங்க, பாஸ்?”

அவர் சிரித்துவிட்டு மாப்பை எடுத்து வந்தார்.

சொரசொரப்பான சாம்பல் நிற டைல் ஒன்றில் அவள் கால் நின்றது. “இதுதான்,” என்றாள். எத்தனை வருஷம் தாங்கும் என்று நான் கேட்டேன்.

“அங்கிள், நீங்க போனாலும் இது போகாது.”

கைப்பேசியிலிருந்து மருமகள் சொன்னாள். “அத்தை, சொரசொரப்புல அழுக்கு பிடிக்கும். பளபளன்னு எடுங்க.”

“நான் இருக்கிற வீட்டுல அழுக்கு எங்கேருந்து வரும்?”

சீனர் கால்குலேட்டரை எடுத்துக்கொண்டு மகனிடம், “பாஸ், சொந்தமா இருக்கவா, சேவாவா?” என்று கேட்டார். எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். சேவா என்றால் வாடகை. வாடகை வீட்டுக்கு யாரும் நல்ல டைல் போடுவதில்லை. அதற்கென்று பழைய சரக்கை மூலையில் அடுக்கி வைத்திருப்பார்கள்.

“சேவா,” என்றான் மகன்.

மனைவி டைல் மேலேயே நின்றாள்.

“பிரிக்ஃபீல்ட்ஸ்ல எங்க கூடவே இருக்கலாம் மா. ரூம் ரெடி. அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்.”

கிள்ளான் வீடு அவன் பெயரில் இருக்கிறது. கேட்டான், நான் மாற்றிக் கொடுத்தேன்.

“அப்ப என்னை எதுக்குக் கூட்டிட்டு வந்த?”

“நீங்கதான் மா, நானும் வரேன்னு கிளம்பி வந்தீங்க.”

அதுவும் உண்மைதான். அவள் என்னைப் பார்த்தாள். ஈரக் காலோடு செருப்பை மாட்டினாள்.

“விலை குறைஞ்சதையே எடு,” என்றாள்.

மூலையில் இருந்த பளபளப்பு டைலை எடுத்தான். ஒவ்வொன்றும் ஓர் அடிக்கு ஓர் அடி. அதை ஒட்டுவதற்கு முன்பே எங்களைப் பிரிக்ஃபீல்ட்ஸுக்குக் கொண்டு போய்விட்டான்.

அங்கே சமையலறையில் மரம் மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் தரை. முதல் வெள்ளிக்கிழமை அவள் வாளியைத் தூக்கினாள். “அத்தை, தண்ணி ஊத்தாதீங்க. ஓரம் தூக்கிக்கும்,” என்றாள் மருமகள். மனைவி வாளியை வைத்துவிட்டாள். இப்போது பிழிந்த துணியால் துடைக்கிறாள். கழுவியாச்சு என்று சொல்வதில்லை.

வாடகைக்கு வருகிறவர்களிடம் சாவி கொடுக்க மகனோடு நான் மட்டும் கிள்ளான் போனேன். அவளையும் கூப்பிட்டேன்.

“நீங்க போய்ட்டு வாங்க. எனக்கென்ன அங்க?”

அவர்கள் வர நேரமானது. மகன் வாசலில் போனில் பேசிக்கொண்டிருந்தான். நான் சமையலறையில் நின்றேன். அவள் கால் படாத தரை. வேறு வேலை இல்லை. டைலை எண்ணினேன்.

நூற்று இருபது.