ஊசிக்குப் பயந்த ஆட்டம்

கஜிதானி ஒவ்வொரு காயை எடுக்கும் முன்னும் விரலை நக்கினார். எதிரில் ஆடிக்கொண்டிருந்த ஹிசாயே பார்வையைத் திருப்பிக்கொண்டாள். ஆண்கள் வார்டில் தலைமை நர்ஸாக இருந்த காலம் முழுக்கச் சீழும் சலமும் துடைத்தவள். எதற்கும் முகம் சுளித்ததில்லை. இந்த எச்சிலுக்குச் சுளித்தாள். அவர் அந்த வார்டில் குடலிறக்கத்துக்குப் படுத்திருந்தபோதும் இதே கதைதான்.

ஆனாலும் இன்று பொறுத்துக்கொண்டாள். ஜெயித்திருந்தாள். ஜப்பானின் அமகசாகி ஸ்டேஷனுக்குப் பின்னால், கறுப்பு வெள்ளைக் காய்களால் ஒருவரையொருவர் சுற்றி வளைக்கும் 'கோ' ஆட்டத்துக்கான இந்த மன்றத்தில் சேர்ந்ததிலிருந்து இதுதான் முதல் வெற்றி. வார்டில் நோயாளிகள் எல்லோரையும் தோற்கடித்தவள் என்ற தைரியத்தில், சேரும்போதே தன்னை 'இரண்டாம் டான்' என்ற கைதேர்ந்தவர்கள் தரம் என்று சொல்லியிருந்தாள். சுவரில் அவள் பெயர்ப்பலகை அந்த வரிசையில் தொங்கியது. ஞாயிற்றுக்கிழமைப் போட்டியில் இடமும் கொடுத்திருந்தார்கள். அதற்குள் வரிசையாகத் தோற்றதில் மன்றமே கிசுகிசுத்தது.

ஆடி முடித்ததும் முதல் காயிலிருந்து திரும்ப வைத்துப் பார்ப்பது அங்கே வழக்கம்.

"இன்னிக்கு வேணாமே சிஸ்டர், ரயிலுக்கு நேரமாச்சு."

"அடுத்த ரயில்ல போங்க. வைங்க."

கஜிதானி ஒரு காய்கூடத் தடுமாறாமல் வைத்துக்கொண்டே போனார். நடு ஆட்டத்தில் ஹிசாயே அவர் கையைத் தட்டி நிறுத்தினாள்.

"இங்க ஒண்ணு வெச்சிருந்தா உங்க வெள்ளைக் கூட்டம் மொத்தமும் தப்பிச்சிருக்கும். ஏன் வைக்கல?"

"கவனிக்கல, சிஸ்டர்."

"வெச்சதெல்லாம் வரிசை மாறாம ஞாபகம் இருக்கு. இது மட்டும் கண்ணுல படலையா?"

கஜிதானி விரலை நக்கினார். "வார்டுப் பழக்கம், சிஸ்டர். நீங்க தோத்த அன்னிக்கு ஊசி போட்டா எங்களால உக்கார முடியாது. புதுசா வர்றவன்கிட்டயும் முதல்லயே சொல்லிடுவோம், தோத்துடுடான்னு."

"எத்தனை பேரு இப்படி?"

"வார்டு மொத்தமும்."

பக்கத்து மேசையில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் தேநீரைத் துப்பினார்.

ஹிசாயே எழுந்திருக்கவில்லை. "மிச்சத்தையும் வைங்க" என்றாள். நாள்பட்ட புண்ணின் கட்டைப் பிரிப்பது போலிருந்தது, அடுக்கடுக்காக நாற்றம். அவர் காய்கள் பொய் என்றால், அவளுடையவை பேராசை. தன் பலவீனமான இடங்களை அப்படியே விட்டுவிட்டு, அவர் லஞ்சமாக நீட்டிய காய்களையெல்லாம் வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். வார்டிலும் இப்படித்தானே ஆடியிருப்பாள்! அவர்மேல் வந்த அருவருப்பு இப்போது தன்மேலேயே திரும்பியது.

கடைசிக் காய் விழுந்ததும் சுவரிலிருந்து தன் பலகையைக் கழற்றிக் கீழ்வரிசையின் கோடியில் மாட்டினாள்.

"அப்போ ஞாயித்துக்கிழமை?" என்றார் மன்றக்காரர்.

"வேற ஆளைப் போடுங்க."

ஈரத்துணியால் வெள்ளைக் காய்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். பிறகு கறுப்பில் நான்கை எடுத்து ஆட்டப்பலகையின் நான்கு மூலைப் புள்ளிகளில் முன்கூட்டியே வைத்துக்கொண்டாள், சலுகை கேட்கும் கற்றுக்குட்டிகளைப் போல.

"இப்ப ஒழுங்கா ஆடுங்க. இனிமே விரலை நக்கினா, ஊசி என் பையிலதான் இருக்கு."