தட்டினால் நிற்கும் இத்தாலி

கேளம்பாக்கத்தில் இத்தாலிய மொழி சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவளுக்கு நாக்கைவிட உள்ளங்கைதான் சீக்கிரம் தேய்கிறது. டியூஷன் எடுத்துக் காலம் தள்ளுகிற சக பாவப்பட்டவர்களே, உங்களுக்குப் புரியும்.

இரண்டு வெட்டு

சல்மா நர்ஸ். புதுப்பட்டினத்தில் அவள் அப்பாவுக்கு மட்டன் கடை. கணவர் மிலானில் ஓட்டல் சமையல்காரர். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் அவளுக்கு வேலை கிடைத்தால்தான் இருவரும் ஒரே வீட்டில் வாழலாம். இன்டர்வியூ இத்தாலிய மொழியில்.

'பார்லோ' என்றால் 'பேசுகிறேன்'. அசை பிரித்தால் பார்-லோ, கையால் இரண்டு தட்டு. வினையடியும் விகுதியுமாகப் பிரித்தால் பார்ல்-ஓ, அந்த 'ஓ'தான் 'நான்'. சல்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"இன்னா மிஸ், ஒரு வாட்டி எலும்ப பாத்து வெட்டுறீங்க, ஒரு வாட்டி கறிய பாத்து வெட்டுறீங்க. எங்க அத்தா கடையில இப்டி வெட்னா எவன் வாங்குவான்?"

கம்பி

கோவளத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, தினமும் மணியின் ஷேர் ஆட்டோவில்தான் வருவாள். அதில் கம்பியைத் தட்டினால் வண்டி நிற்கும். 'பேசுகிறார்கள்' என்பதற்கு பார்-ல-னோ. முதல் அசையை ஓங்கித் தட்டு என்று சொல்லியனுப்பியவள் நான். அவள் வழியெல்லாம் கம்பியில் பாடம் படித்திருக்கிறாள். வண்டி நின்று நின்று வந்ததில் ஆபீஸ் போகிறவர்கள் எல்லாம் கத்த, வகுப்புக்கு அரை மணி தாமதம். மணி அவளைப் பின்தொடர்ந்து என் வாசலுக்கே வந்துவிட்டார்.

"எக்கா, நீ எறங்குறியா, வர்றியான்னே தெரில. சும்மா தட்டிக்கினே கீற, பேஜாரா கீது!"

மேசை

இன்டர்வியூ என் அறையில், என் போனில். காலையில் பெரியவர்கள் சாப்பிட மறுத்தால் என்ன செய்வாய் என்று திரையில் ஒரு அம்மாள் கேட்டார். 'சாப்பிடுகிறார்கள்' வாயில் வரவில்லை. சல்மா மேசையை ஓங்கித் தட்டினாள். மான்-ஜ-னோ வந்தது, போன் மல்லாக்க விழுந்தது. மிலானில் எங்கள் ஃபேனைத்தான் பார்த்திருப்பார்கள். போனை நிமிர்த்தினால் அந்த அம்மாள் சிரிக்கிறார். அவர் சொன்னதைத் தமிழில் சொன்னால் இதுதான்:

"வார்த்தை சரி. மேசைதான் பாவம்."

ஏர்போர்ட்

வேலை கிடைத்தது. ஏர்போர்ட்டுக்கு மணியின் வண்டிதான் வேண்டும் என்றாள். நானும் ஏறிக்கொண்டேன். வழியெல்லாம் அவள் விரல்கள் கம்பியைத் தட்டிக்கொண்டே இருந்தன. மணி திரும்பிப் பார்க்கவில்லை.

"எவ்ளோ வேணா தட்டிக்கக்கா. இன்னிக்கு ஏர்போர்ட்லதான் நிறுத்துவேன்."

தட்டச் சொல்லித்தருவதோடு நம் வேலை முடிந்தது, எங்கே நிறுத்துவது என்பது டிரைவர் பாடு.