வொப்பிங் படிகளில் வேல்சுக் கடற்கொள்ளையர்

1990 ஒக்டோபர் விடுமுறையில் வேல்சுக் கடற்கொள்ளையரைப் பற்றி எழுதிவரும்படி வரலாற்று ஆசிரியை சொன்னார். வேல்சுக்குப் போக வசதியில்லை. பிடிபட்ட கொள்ளையரை இலண்டனில், வொப்பிங் ஆற்றங்கரையில்தான் தூக்கிலிடுவார்கள் என்று நூலகத்தில் படித்தேன். சனிக்கிழமை அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். தொலைபேசிக்குப் பக்கத்தில் மாமி இருந்தா.

அம்மா மன்னாரில் படகேறிவிட்டா என்று செய்தி வந்தது. இராமேஸ்வரத்தில் இறங்கியதாக இன்னும் வரவில்லை. அந்தக் கடலில் படகுகளை மறித்து நகை பறிக்கிறார்களாம். கடைசியாகக் கதைத்தபோது அப்பா கெஞ்சினார்: "கொடியைக் கழட்டி அங்க ஆரிட்டையாவது குடுத்திட்டு மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு வாரும்."

"நீங்கள் உயிரோட இருக்க நான் ஏன் தாலிக்கொடி கழட்டோணும்? ஏலாது" என்றா அம்மா.

ஆர்ச்வேயிலிருந்து மூர்கேட், அங்கிருந்து வைட்சாப்பல், பிறகு வொப்பிங். ஒரு மணி நேரம். நாள் டிக்கெட் அப்பாவுக்கு இரண்டு பவுண்டு முப்பது, எனக்கு எண்பது பென்ஸ். மதுச்சாலை ஒன்றின் பக்கத்தில் ஒடுங்கிய ஒழுங்கை. அதன் முடிவில் பாசி பிடித்த படிகள் ஆற்றுக்குள் இறங்குகின்றன. மூன்றரைக்கு நீர் வற்றிச் சேறு தெரிந்தது.

மதுச்சாலைக்காரர் படிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். வேல்சில் உள்ள கார்டிஃப்காரராம். நான் கேட்டதும் உற்சாகமாகிவிட்டார்.

"எங்கள் ஆட்கள் கொள்ளையடிப்பார்கள், எங்கள் நீதவான்களே துணியும் வைனும் மலிவாக வாங்குவார்கள். பிறகு யார் பிடிப்பது? இங்கே கொண்டுவந்தால்தான் தூக்கு. கடல் பெருகி ஆற்றுநீர் மூன்று தரம் ஏறி மூடும்வரை பிணம் தொங்கும்."

"கப்பலில் இருந்த சனம்?"

"கொடுத்தவர் தப்பினார். கொடுக்காதவர் கடலுக்குள். மோதிரம் கழலாவிட்டால் விரலோடு போகும்." என்னைப் பயமுறுத்தக் கண்ணடித்தார்.

"என்னவாம் பிள்ளை? இவரின்ர இங்கிலீசு எனக்குப் பிடிபடுதில்லை" என்றார் அப்பா. டாக்டரிடமும் கவுன்சிலிலும் நான்தான் அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்வேன்.

"சனத்தை ஒண்டும் செய்யமாட்டினமாம் அப்பா. சாமானை எடுத்திட்டுக் கரையில இறக்கி விடுவினமாம்."

அப்பா சிரித்தார். செய்தி நின்ற பிறகு அன்றுதான் சிரித்தார். "பாத்தியே, கள்ளனுக்கும் ஒரு நியாயம் இருக்கு. கொடி போனால் போகட்டும்." மதுச்சாலைக்காரரின் ஈரக் கையைப் பிடித்துக் குலுக்கினார். கார்டிஃப்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

திரும்பும்போது முருகன் கோயிலில் கண்டவர்களுக்கெல்லாம் இதையே சொன்னார். இன்று வெம்பிளி நகைக்கடைக்குப் போய்ப் புதுக்கொடி விலை விசாரித்துவிட்டு வந்திருக்கிறார்.

அம்மா கொடுக்கமாட்டா. அது எனக்குத் தெரியும், அப்பாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவர் தொலைபேசிக்குப் பக்கத்தில் பாய் போட்டு நித்திரை. நான் போர்வைக்குள் டோர்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன். ஆசிரியைக்குக் கொடுப்பதில் துணியும் வைனும் மட்டும்தான் இருக்கும்.

வொப்பிங் போகிறவர்கள் நீர் வற்றும் நேரத்தை முன்பே விசாரியுங்கள்; மற்ற நேரத்தில் படிகள் மூழ்கியிருக்கும். றப்பர் பூட்ஸ் போடுங்கள், பாசி வழுக்கும். உங்கள் வீட்டில் யாராவது கடலில் இருந்தால், மொழிபெயர்க்க உங்கள் பிள்ளையைக் கூட்டிப் போகாதீர்கள்.