றிஸ்வான் கேட்ட கடிதம்

கடந்த மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, கிளிநொச்சியில் நாங்கள் சில சட்டத்தரணிகள் சேர்ந்து நடத்தும் நலன்புரிக் குழு, நாற்பது நிமிட விவாதத்தின் பின்னர், பிற்பகல் தேநீரோடு கொடுக்கும் கிறீம் பிஸ்கட்டை நிறுத்தி இனி மாரி பிஸ்கட் கொடுப்பதெனத் தீர்மானித்தது. ஆதரவாக ஏழு பேர், எதிராக நான்கு பேர். நடுநிலை வகித்தவருக்கு நீரிழிவு. குழுவின் செயலாளர் என்ற முறையில் இந்தத் தீர்மானத்தை நான் எழுதிக்கொண்டிருந்தபோது கைபேசி அதிர்ந்தது. முல்லைத்தீவிலிருந்து றிஸ்வானின் நானா, அதாவது மூத்த சகோதரர், பேசினார்.

"தம்பி, றிஸ்வான் மௌத்தாகிட்டான். காலையில நெஞ்சு நோகுதெண்டவன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முந்தி முடிஞ்சுது. அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். வாங்கோ."

அப்போது நேரம் இரண்டு மணி. அஸர் என்ற பிற்பகல் தொழுகை மூன்றரைக்குப் பிறகுதான். உடனே புறப்பட்டிருந்தால் அடக்கத்துக்கு முன் போய்ச் சேர்ந்திருக்கலாம். நான் கூட்டக் குறிப்பை எழுதி முடித்து, வாசித்துக் காட்டி, ஒப்பமிட்டுவிட்டே மோட்டார் சைக்கிளை எடுத்தேன். முல்லைத்தீவை அடைந்தபோது அடக்கம் முடிந்து மையவாடியிலிருந்து ஆண்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். றிஸ்வானின் முகத்தைப் பார்க்கப் பயந்தேன் என்பதைத் தவிர இதற்கு என்னிடம் வேறு விளக்கம் இல்லை. ஏன் பயந்தேன் என்பதை அவரை அறிந்தவர்களுக்குச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

முல்லைத்தீவில் அவரிடம் வழக்குக் கொடுத்தவர்களுக்கு அவரைப் பற்றி நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. காணி உறுதி தொலைந்தவர்களின் சட்டத்தரணி அவர். நான் சொல்ல வந்தது அவருடைய இன்னொரு ஆசையைப் பற்றி. கொழும்பிலுள்ள பல்கலைக்கழகமொன்றில் சர்வதேச வணிகம், வர்த்தகம், கப்பற் சட்டம் ஆகியவற்றில் முதுமாணிப் படிப்பு வார இறுதிகளில் நடக்கிறது என்ற அறிவித்தலைப் பத்திரிகையிலிருந்து வெட்டிக்கொண்டு வந்து என் மேசையில் வைத்தவர் அவர்தான். எங்கள் இருவருடைய தொழிலும் அப்போது எல்லைத் தகராறு, கட்டாக்காலி மாடு, களவாக மணல் ஏற்றிய டிப்பர் ஆகிய மூன்றை நம்பியே நடந்துகொண்டிருந்தது.

"எங்கட பக்கம் கப்பலே வாறேல்லையே," என்றேன்.

"அதுதான் நல்லது, மச்சான். கப்பல் வராத ஊரில இருந்துதான் கப்பற் சட்டத்தை ஆறுதலாப் படிக்கலாம். கொழும்பில இருக்கிறவனுக்கு இடையில வழக்கு வந்திடும்."

படித்ததை உடனே பயன்படுத்திவிட வேண்டும் என்ற அவசரம் அவருக்கு இருந்தது. ஒருநாள் புதுக்குடியிருப்பிலிருந்து வவுனியாவுக்கு வந்த பஸ்ஸில் நாங்கள் இறங்கும்போது, பார்சலாக வந்த கருவாட்டுப் பெட்டி ஒன்று நனைந்திருந்தது. மேலே வைத்த மீன் பெட்டியின் ஐஸ் உருகி ஒழுகியிருந்தது. அதை வாங்க வந்த கடைக்காரப் பெண் கொண்டக்டரைப் பிடித்துக்கொண்டார். றிஸ்வான் இடையில் புகுந்தார்.

"தம்பி, பெட்டி நல்லா இருக்கெண்டு பார்த்துத்தானே ஏத்தினீங்கள்? அப்ப நல்லபடியா இறக்கிறதும் உங்கட பொறுப்பு. கப்பலெண்டா கப்டன் பதில் சொல்லோணும்."

"நான் பெட்டியைப் பாக்கேல்ல அண்ணை. அதில எழுதியிருந்த போன் நம்பரைத்தான் பாத்தனான். இது கப்பல் இல்லை, பஸ். இறங்குங்கோ, பின்னால ஆக்கள் நிக்கினம்."

"நீங்கள் கப்பல் கதையைப் பிறகு கதையுங்கோ," என்றார் அந்தப் பெண். "என்ட கருவாட்டுக்கு என்ன பதில்?"

றிஸ்வான் பஸ் உரிமையாளரைத் தேடிப்பிடித்து, சரக்கை அடுக்குவதில் கப்பல்காரருக்கு உள்ள கடமைகளை அரைமணி நேரம் விளக்கினார். அடுத்த கிழமையிலிருந்து அந்த பஸ்ஸில் மீன் பெட்டிகள் கீழே வைக்கப்பட்டன. எனக்குத் தெரிந்தவரை சர்வதேசக் கப்பற் சட்டம் வன்னியில் நடைமுறைக்கு வந்த ஒரே சந்தர்ப்பம் அதுதான்.

முதல் அரையாண்டு இருவரும் ஒன்றாகவே வகுப்புக்குப் போனோம். அந்நாட்களில் ஒருமுறை விரிவுரையாளர் 'ஜெனரல் அவரேஜ்' என்ற விதியைப் படிப்பித்தார். புயலில் கப்பல் தாழப் போகிறது. அதைக் காப்பாற்ற ஒருவருடைய சரக்கைக் கடலில் எறிகிறார்கள். கப்பல் தப்பினால், எறியப்பட்டவரின் இழப்பைக் கரைசேர்ந்தவர்கள் எல்லோரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். வாழ்க்கையிலிருந்து யாராவது உதாரணம் சொல்லலாமா என்று விரிவுரையாளர் கேட்டார். போரின் கடைசி மாதங்களில் உழவு இயந்திரப் பெட்டியிலிருந்து எங்கள் வீட்டு அலுமாரியைத் தள்ளிவிட்டு அயலவர் ஐந்து பேரை ஏற்றிய கதையை நான் சொன்னேன். வகுப்பு உருக்கமாகத் தலையசைத்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் றிஸ்வான் சொன்னார்: "நல்ல உதாரணம், மச்சான். எங்கட வீட்டு ஆக்களும் தொண்ணூறில வெளிக்கிட்டவைதான். ஆனா எறியிறதுக்கு எங்கட கையில ஒண்டும் விடேல்ல. அதால சட்டப்படி எங்களுக்கு இழப்பில்லை." சொல்லிவிட்டுச் சிரித்தார். வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது அவருக்கு ஏழு வயது. புத்தளத்து முகாமில் வளர்ந்தவர். வெளியேற்றிய இயக்கத்தினரை அந்நாளில் எங்கள் வீட்டில் 'எங்கட பெடியள்' என்றே சொல்லிக்கொண்டிருந்தோம். அனுராதபுரம் வரும்வரை நான் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். மரங்கள் நன்றாக இருந்தன.

இரண்டாம் அரையாண்டில் எங்களுக்கு அலுத்துவிட்டது. ஒரு கிழமை அவர், மறுகிழமை நான் என்று முறை வைத்தோம். போகிறவர் வரவுத் தாளில் இருவருக்கும் ஒப்பமிடுவார். காபன் தாள் வைத்து இரண்டு பிரதியாகக் குறிப்பெடுப்பார். கைபேசியில் படம் எடுத்து அனுப்பினால் போதாதா என்று கேட்டேன். "ஆவணமெண்டா கையில பிடிக்கோணும்," என்றார். ஒரு வருடத்துக்கு மேலான பயிற்சியில், இருவரும் மற்றவருடைய ஒப்பத்தைச் சொந்தக்காரரை விடத் திருத்தமாக வைக்கப் பழகியிருந்தோம்.

பிறகு வெசாக் விடுமுறை வந்தது. ஒரு கிழமை வகுப்பு இல்லை. அந்தக் கிழமையை அவர் தன் முறையாகக் கணக்கெடுக்கவில்லை, நான் அதை அவருடைய முறையாகக் கணக்கெடுத்தேன். விளைவாக, அடுத்த சனிக்கிழமை தன் முறை என்று எண்ணி இருவருமே வெவ்வேறு பஸ்களில் போய்விட்டோம். அந்த மண்டபத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு வாசல்கள், வாசலுக்கு ஒரு வரவுத் தாள். றிஸ்வான் முன் வாசலில் இருவருக்கும் ஒப்பமிட்டார். நான் பிந்திப் போய்ப் பின் வாசலில் இருவருக்கும் ஒப்பமிட்டேன். பதிவின்படி அன்று வன்னியிலிருந்து நாலு பேர் வகுப்புக்கு வந்திருந்தோம்.

மூன்று பேர் கொண்ட குழு எங்களை விசாரணைக்கு அழைத்தது. வெளியே நடைபாதையில் கதிரை போட்டு இருத்தினார்கள்.

"ரெண்டு பேரையும் அனுப்பப் போறாங்கள்," என்றேன்.

"ரெண்டு பேர் எதுக்கு? ஒருத்தன் போனாக் காணும். நாலு ஒப்பமும் உனக்குத் தெரியாம நான்தான் வச்சனான் எண்டு சொல்லுறன். நீ ஓமெண்டு மட்டும் சொல்லு."

"அது சரியில்லை, மச்சான்."

"உனக்கு ஆய்வுக் கட்டுரை முடியப்போகுது. நான் இன்னும் தலைப்பே வைக்கேல்ல. பெறுமதி குறைஞ்சதைத்தான் எறியோணும். உன்ட பட்டம் கையில வந்த பிறகு உண்மையை ஒரு கடிதத்தில எழுதித் தா. அதை வச்சு என்னைத் திரும்ப எடுக்கச் சொல்லிக் கேப்பன். கரைசேர்ந்தவன் பங்கு குடுக்கோணும். படிச்சனாங்கள்தானே?"

அவர் முதலில் உள்ளே போனார். பிறகு என்னை அழைத்தார்கள். இரண்டு தாள்களிலும் உள்ள ஒப்பங்களை மூவரும் மாறி மாறிப் பார்த்தார்கள். எது யாருடையது என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. நான்கையும் உங்கள் நண்பர்தான் இட்டாரா என்று தலைவர் கேட்டார். "யெஸ் சேர்," என்றேன். என் தொழிலில் நான் செய்த மிகச் சுருக்கமான வாதம் அது, வெற்றியும் பெற்றது. றிஸ்வானின் பதிவு ரத்தாயிற்று. நண்பர்களைத் தெரிவு செய்வதில் கவனமாக இருக்கும்படி எனக்கு அறிவுரை கூறப்பட்டது.

பட்டமளிப்பு விழாவுக்கு அவர் வந்தார். மேலங்கியோடு நான் நிற்கும் படத்தை எடுத்தவர் அவர்தான்.

அதன் பிறகு காணும்போதெல்லாம் கேட்பார்: "கடிதம் எந்தத் துறைமுகத்தில நிக்குது?"

"கொழும்பில சரியான நெருக்கடி. வெளியில நங்கூரம் போட்டு நிக்குது," என்பேன்.

சிரிப்போம். ஆறு வருடம் இந்தப் பகிடி ஓடியது. இடையில் அந்தப் பட்டத்தைக் காட்டி வவுனியாவில் எனக்கு ஒரு விரிவுரை வேலையும் கிடைத்தது. கடிதம் எழுதாததற்கு நான் பல காரணங்கள் வைத்திருந்தேன். அவை அனைத்தும் ஒரு வரியில் அடங்கும்: கடிதம் போனால் என் பட்டமும் போகலாம். அவர் ஒருமுறையாவது குரலை உயர்த்தியிருந்தால் எழுதியிருப்பேன் என்று நினைக்கும்போது எனக்கு ஆறுதலாக இருக்கிறது. ஆகவே அது உண்மையாக இருக்க முடியாது.

கடைசியாக அவரைக் கண்டது, இறப்பதற்கு இரண்டு கிழமைக்கு முன், புதுக்குடியிருப்புச் சந்தையடித் தேநீர்க்கடையில். அன்று அவர் துறைமுகத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

"அந்தப் படிப்புக்குத் திரும்ப ஆக்களை எடுக்கிறாங்கள், மச்சான். அடுத்த மாத முடிவுக்குள்ள விண்ணப்பிக்கோணும். இந்தமுறை பகிடி இல்லை. மகள் ஓ லெவல் எழுதப்போறாள். படியெண்டு சொன்னா, 'நீங்க ஏன் வாப்பா பாதியில விட்டீங்க?' எண்டு கேக்கிறாள். அவளுக்குச் சொல்ல என்னட்ட ஒரு பதில் இல்லை."

"வாற கிழமை தாறன்," என்றேன்.

"எந்த வாற கிழமை?" என்று கேட்டுவிட்டு, என் தேநீருக்கும் சேர்த்து அவரே கொடுத்தார்.

அந்த வாரம் போயிற்று. அடுத்த வாரத்தில் பிஸ்கட் பற்றிய கூட்டம் இருந்தது.

அடக்கம் முடிந்த அன்று மாலை, அவர் வீட்டு முற்றத்தில் நானா எனக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். "என்ட தம்பி கெட்டிக்காரன்தான். ஆனா பொறுமையில்ல. பஸ்ஸில போய் வந்து அலுத்துப்போச்செண்டு படிப்பைப் பாதியில விட்டுட்டான். நீங்க இருந்து முடிச்சீங்க," என்றார். நடந்ததை றிஸ்வான் வீட்டில் ஒருவருக்கும் சொல்லியிருக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கதவோரம் மகள் நின்றாள். நானா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம்," என்றேன்.

அந்தப் பிள்ளை இதை வாசிக்க வேண்டும். மகளே, உங்கள் வாப்பா பாதியில் விடவில்லை. நாங்கள் இருவரும் செய்த பிழையைத் தனியே சுமந்துகொண்டு இறங்கினார். நான் ஏறியே இருந்தேன்.

அவரிடமிருந்து என்னிடம் எஞ்சியிருப்பவை இரண்டு. ஒன்று, அவர் போன கிழமைகளின் விரிவுரைக் குறிப்புகள். காபன் பிரதிகள். மேற்பிரதியைத் தான் வைத்துக்கொண்டு எனக்கு மங்கலானதைத் தருவார் என்று அப்போது குறைப்பட்டிருக்கிறேன். இப்போது பார்த்தால் எல்லா எழுத்தும் வாசிக்கக்கூடியதாகவே இருக்கிறது. நான் மாணவர்களுக்குப் படிப்பிக்கும் பாடத்தில் பாதி அவருடைய கையெழுத்து. மற்றது, அவருடைய ஒப்பம். தொடக்கத்தில் ஒரு கொக்கி, நடுவில் இரண்டு அலை, அடியில் ஒரு கோடு. இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு வைப்பேன்.

அடக்கம் நடந்த வாரத்தின் வெள்ளிக்கிழமை அந்தக் கடிதத்தை எழுதினேன். ஒன்றரைப் பக்கம் வந்தது, முக்கால் மணி நேரம் எடுத்தது. நான்கில் இரண்டு ஒப்பங்கள் நான் இட்டவை என்றும், விசாரணையில் நான் பொய் சொன்னேன் என்றும், றிஸ்வான் இறந்துவிட்டார் என்றும், அவருடைய பெயருக்கு எதிரான தீர்மானத்தை நீக்க வேண்டும் என்றும் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

பதினோராம் நாள் பதில் வந்தது. என் பட்டத்தைப் பற்றி அதில் எதுவும் இல்லை. மாணவர் ஒருவருக்கு எதிரான தீர்மானத்தை மீள ஆராய்வதாயின், உரிய விண்ணப்பத்தில் அந்த மாணவரே ஒப்பமிட்டிருக்க வேண்டும் என்று இருந்தது. படிவம் இணைக்கப்பட்டிருந்தது.