இரண்டு கையிலும் எடுத்த இரத்தம்: மன்னாரில் பதினேழு நாள்

பூநாரைகளைப் பார்க்கத்தான் ஜனவரி நடுப்பகுதியில் மன்னாருக்குப் போனோம். நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தின் விடுமுறையில் மூன்று நாள் மிச்சம் இருந்தது. எனது கணவருக்கு ஐம்பத்தாறு வயது. பத்து வருடமாகச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. யாழ்ப்பாணத்திலிருந்து காலை 6.10 பஸ்ஸில் ஏறினோம். பூநகரி வழியாக நூற்றுப் பதினைந்து கிலோமீட்டர் சொச்சம், மூன்று மணித்தியாலம். அன்று பின்னேரமே வங்காலைப் பக்கத்து நீர்ப்பரப்பில் நாரைகளைக் கண்டோம். இளஞ்சிவப்பாக ஒரு கரையே எழும்பிப் பறந்தது போல இருந்தது.

அடுத்த நாள் அரிப்புக்குப் போய்வர ஓட்டோ பிடித்தோம், 3,500 ரூபாய். ஓட்டுநர் தோட்டவெளியைச் சேர்ந்த யூட். அரிப்புக் கடற்கரையில் இடிந்த கோட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனது கணவர் திடீரென்று மணலில் உட்கார்ந்துவிட்டார். பல் கிட்டும் அளவுக்கு நடுக்கம். நெற்றியைத் தொட்டால் சுட்டது.

கைப்பையில் முந்திய காய்ச்சலுக்கு வாங்கி மிஞ்சிய அன்ரிபயோட்டிக் குளிசை இரண்டு இருந்தன. கொடுக்கப் பார்த்தேன். விழுங்க முடியாமல் வாந்தி எடுத்தார்.

“அக்கா, வெயில் பிடிச்சதெண்டு நினையாதேங்கோ,” என்றார் யூட். “நான் நேரா ஆஸ்பத்திரிக்கு விடுறன்.”

பகல் 11.40க்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் இருந்தோம். டொக்டர் பார்த்தவுடன், கிருமி இரத்தத்தில் இறங்கியிருக்கலாம் என்றார். ஊசி மருந்து எழுதினார். ஆனால் தாதி முதலில் எடுத்து வைத்தது மருந்தை அல்ல. நான்கு சின்னப் புட்டிகளை.

இவரது கையில் தோலை மருந்துப் பஞ்சால் துடைத்தார். பிறகு சும்மா நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை.

“மிஸி, மருந்தை முதல் போடுங்கோவன்! மனுசன் துடிக்கிறார்.”

“கொஞ்சம் பொறுங்கோ அக்கா,” என்றார், கண்ணை எடுக்காமல். “மருந்து உள்ள போனால் கிருமி ஒளிச்சிடும். பிறகு எதோட சண்டை பிடிக்கிறம் எண்டே தெரியாது. துடைச்ச இடம் காயவும் வேணும். இல்லாட்டி தோலில கிடக்கிற அழுக்கும் புட்டிக்குள்ள போயிடும்.”

காய்ந்த இடத்தை விரலால் மறுபடி தொடவில்லை. புட்டிகளின் மூடியையும் துடைத்தார். கோடு வரைக்கும் இரத்தம் நிரப்பினார். பிறகு மற்றக் கையிலும் முதலிலிருந்து அதே வேலை. புட்டிகளில் நேரம் எழுதி, உடனே ஆய்வுகூடத்துக்கு அனுப்பிவிட்டுத்தான் மருந்தை ஏற்றினார். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம் பிடித்திருக்காது. அந்தப் பத்து நிமிடமும் மனதுக்குள் அவரைத் திட்டினேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

காய்ச்சல் இறங்கவில்லை. இரண்டாம் நாள் மூச்சு வாங்கத் தொடங்கியது. ஆய்வுகூடத்தில் வைத்த புட்டிகளில் கிருமி வளர்கிறது என்றார்கள். என்ன கிருமி என்று இன்னும் தெரியாது. நான் மகளுக்கு அழைத்து, வா என்று மட்டும் சொன்னேன்.

நான்காம் நாள் காலை 9 மணிக்கு ஆய்வுகூடத்திலிருந்து ஒருவர் வாட்டுக்கு நேரே வந்தார். பரீனா என்று பெயர், எருக்கலம்பிட்டிப் பிள்ளை.

“அக்கா, இவர் கிட்டடியில வயலுக்க இறங்கினவரோ?”

“ஓம். ரெண்டு கிழமைக்கு முதல் தம்பியின்ர வயல் வரம்பு உடைஞ்சு, வெறுங்காலோட நிண்டு அடைச்சவர். குதிக்கால் வெடிப்பும் இருந்தது.”

அவர் தலையாட்டினார். “மெலியோய்டோசிஸ் எண்டு சொல்லுற வருத்தமா இருக்கவேணும். சேத்துக்க இருக்கிற கிருமி. தனிய ஒரு புட்டியில கண்டிருந்தால் வெளி அழுக்கெண்டு நினைச்சிருக்கலாம். ரெண்டு கையிலயும் அதே கிருமிதான் வந்திருக்கு. டொக்டருக்குச் சொல்லிட்டன். உறுதிப்படுத்த கொழும்புக்கும் அனுப்புறம்.”

கொழும்பின் பதிலுக்குக் காத்திராமல் அன்று பகலே மருந்தை மாற்றினார்கள். எட்டாம் நாள் காய்ச்சல் விட்டது. ஒன்பதாம் நாள் இவர் மீன்குழம்பு கேட்டார். நான் வெளியே வராந்தாவில் போய் நின்று அழுதேன்.

துண்டு வெட்டி எங்களை வீட்டுக்கு அனுப்பிய நாள் ஆய்வுகூடத்துக்கு நன்றி சொல்லப் போனேன். பரீனா உள்ளே விடவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, மூடி ஒட்டிய ஒரு வட்டத் தட்டைக் காட்டினார். கஞ்சித் துளி காய்ந்து சுருங்கியது போல வெள்ளைப் புள்ளிகள். ஒரு மனிதரைச் சாகக் கிடத்தியது அதுதான். கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பிடித்து வளர்த்து, பெயர் சொல்ல வைத்திருக்கிறார்கள். எந்தக் கோட்டையின் முன்னும் நான் அப்படி வியந்து நின்றதில்லை.

“எங்களுக்கு வாறதைத்தான் நாங்கள் பார்க்கிறம்,” என்றார் அவர். “வாட்டில அந்த மிஸி கவனமா எடுக்காட்டி, நான் இங்க குருடிதான்.”

மன்னாருக்குப் போகிறவர்களுக்கு: நாரைகளுக்கு ஜனவரி, பெப்ரவரி நல்லது, காலை 6.30க்கு முன்னர் போங்கள். மழைக்காலத்தில் சேற்றில் இறங்குவதானால் சப்பாத்து போடுங்கள், முக்கியமாகச் சீனி வருத்தக்காரர். காய்ச்சல் வந்தால் பையில் கிடக்கும் அன்ரிபயோட்டிக்கை விழுங்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வயலில் நின்றதையும் சொல்லுங்கள். இரத்தம் எடுப்பவர் தோல் காயும்வரை நின்றால், அவரை அவசரப்படுத்தாதீர்கள்.

இவர் மூன்று மாதம் குளிசை போட்டு முடித்துவிட்டார். கடைசிச் சோதனையில் கிருமி இல்லை. அந்தத் தாதியின் பெயரை மட்டும் நான் கேட்காமலே வந்துவிட்டேன்.