ஆறு முழத்தில் நின்ற புடவை

எட்டு வயதில் நான் சொன்ன ஒரு பொய்யை இப்போது திருத்த வேண்டுமா, அப்படியே விட்டுவிடலாமா? பதினாறு வருடமாக என்னையே கேட்டுக்கொள்கிறேன். ஒரு நாள் ஒரு பதில் சரியாகப் படுகிறது, மறுநாள் மற்றது.

என் சித்தப்பாவை யாரும் பட்டாளத்துக்கு அனுப்பவில்லை. ஆரணியில் எங்கள் வீட்டில் இரண்டு தறிகள். அப்பாவுக்கு ஒன்று, அவருக்கு ஒன்று. நூல் வாங்கி வருகிறேன் என்று வேலூருக்குப் போனவர், அங்கே ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, மார்பளவு கொடுத்துச் சேர்ந்துவிட்டு வந்தார். மறக்காமல் நூலும் வாங்கி வந்திருந்ததால் அப்பாவால் முழுதாகக் கோபப்பட முடியவில்லை.

மூன்றாம் வருடம் லீவில் வந்தபோது பெரணமல்லூரில் பெண் பார்த்துப் பரிசம் போட்டார்கள். முகூர்த்தப் புடவையைத் தானே நெய்வேன் என்று சித்தப்பா அரக்கு நிறத்தில் பாவு ஏற்றினார். பள்ளிக்கூடம் விட்டதும் நான் அவர் தறியருகே போய் நின்றுகொள்வேன்.

"பொண்ணு நெட்டையா குட்டையான்னுகூட சரியா தெரியில பாப்பா. தரையையே பாத்துகினு இருந்துச்சு. நான் பாட்டுக்கு நெஞ்சிகினு கெடக்கறேன்" என்பார்.

ஒரு நாள் என்னை மடியில் உட்கார வைத்து ஊடுநூல் ஓட்டும் நாடாவை என் கையில் கொடுத்தார். இரண்டு விரற்கடை நெய்தேன். ஒரு பக்கம் தளர்வு, ஒரு பக்கம் இறுக்கம். அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "அவுத்துடுடா" என்றார்.

"இருக்கட்டும்ண்ணா. மணவறையில எவன் குனிஞ்சி பாக்கப் போறான்?"

ஆறு முழம் முடிந்திருந்தபோது, உடனே திரும்பச் சொல்லித் தந்தி வந்தது. சித்தப்பா தறியின்மேல் ஒரு பழைய வேட்டியைப் போர்த்திவிட்டுப் போனார். கார்த்திகையில் வங்கதேசப் போர் வந்தது. எல்லையைத் தாண்டிப் போன இடத்தில் அவர் இறந்துவிட்டதாக இன்னொரு தந்தி வந்தது. உடல் வரவில்லை.

பதினாறு நாள் எங்கள் வீட்டில் தறி ஓடவில்லை. காரியம் முடிந்த மறுநாள் பெரணமல்லூரிலிருந்து, சித்தப்பாவுக்குப் பேசியிருந்த அக்காவும் அவருடைய அப்பாவும் வந்தார்கள், பரிசத்துக்கு வைத்த தட்டைத் திருப்பிக் கொடுக்க. "இனிமே கல்யாணப் பேச்சே எடுக்கக் கூடாதுன்றா" என்று அந்தப் பெரியவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அக்கா அழவில்லை. நேராகத் தறியிடம் போய், வேட்டியை விலக்கி, அந்த ஆறு முழத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் நெட்டைதான்.

அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "இன்னாங்க, அத்த அறுத்து ஆத்துல வுட்டுடுங்க. செத்தவன் பாதியில வுட்டத வூட்ல வெச்சிகினு இருப்பாங்களா?"

அப்பா கத்தியோடு வந்தார். ஆற்றில் விட்டால் என்னுடைய இரண்டு விரற்கடையும் போய்விடும். உண்மையைச் சொன்னால், அந்த நேரத்தில் எனக்குச் சித்தப்பாவைப் பற்றிய நினைப்பே இல்லை.

"அறுக்கக் கூடாது நைனா!" என்று கத்தினேன். "சித்தப்பா சொன்னாரு. தான் வர்லன்னா மிச்சத்த நைனா நெய்யணுமாம். அந்த அக்கா அதக் கட்டிகினுதான் கல்யாணம் பண்ணிக்கணுமாம்."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா என் எதிரே மண்டியிட்டு உட்கார்ந்தார். "எப்ப பாப்பா சொன்னாரு?"

"பஸ் ஏறச்சே."

அதற்குப் பிறகுதான் அக்கா அழுதார். அப்பா என்னை வெகுநேரம் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கத்தியைக் கூரை எரவாணத்தில் செருகிவிட்டு, தன் தறியை விட்டுச் சித்தப்பாவின் தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்தார். நாடா ஓடும் சத்தம் கேட்டது. என் துணி பிழைத்தது என்று நான் விளையாடப் போய்விட்டேன்.

தறி பல நாள் நின்றால், நின்ற இடத்தில் புடவையின் குறுக்கே ஒரு கோடு விழும். நல்ல நெசவாளி அதைப் பிரித்து எடுத்துவிட்டுத்தான் மேலே நெய்வார். அப்பா எடுக்கவில்லை.

"கோடு தெரியுதேங்க" என்றார் அம்மா.

"தெரியட்டும்."

அடுத்த வருடம் வைகாசியில், தேசூர் வாத்தியார் ஒருவரை அக்கா மணந்தபோது அந்தப் புடவையைத்தான் கட்டியிருந்தார். அபசகுனம் என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு வந்த அம்மாதான் அவருக்குக் கொசுவம் மடித்துவிட்டார்.

அக்காவுக்கு இப்போது மூன்று பிள்ளைகள். ஆரணிக்கு வரும்போதெல்லாம் என் வீட்டுக்கு வருவார். "உங்க சித்தப்பா அன்னிக்கு சொன்னத இன்னொரு தரம் சொல்லு" என்பார். நானும் சொல்வேன். பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும் என் நான்கு வயது மகளுக்கு அது மனப்பாடம் ஆகிவிட்டது. பொய்யை மனப்பாடம் செய்யவிடும் நான் எப்படிப்பட்ட தாய் என்று கவலையாக இருக்கிறது.

போன மாதம் எங்கள் அடுத்த தெருப் பையன் ஒருவன் இலங்கையில் இறந்துபோனான். அவனும் தானாகப் போய்ப் பட்டாளத்தில் சேர்ந்தவன்தான். அவனுக்கும் பேசி வைத்த பெண் இருக்கிறாள், சாப்பிட மறுத்துக் கிடக்கிறாளாம். அக்கா தேசூரிலிருந்து ஓடி வந்துவிட்டார், அந்தப் புடவையையும் மடித்து எடுத்துக்கொண்டு.

"நீயும் வா. உங்க சித்தப்பா சொன்னத அந்தப் பொண்ணு காதுல போடு. நான் எழுந்தது அந்த ஒரு வார்த்தையிலதானே" என்கிறார்.

நாளைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறேன். அக்காவிடம் உண்மையைச் சொல்லலாம் என்று வாய் வரை வருகிறது. சொன்னால், பதினாறு வருடமாக அவர் பிடித்துக்கொண்டு நிற்பதை நானே பிடுங்கியதாகிவிடாதா?

ஒன்று மட்டும் வெகுகாலம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. சித்தப்பா கிளம்பிய அன்று நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். அவரைப் பஸ் ஏற்றிவிடப் போனவர் அப்பா ஒருவர்தான்.

பொய் என்று தெரிந்துதான் நெய்தாரா என்று அப்பாவிடம் கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. அதனால் உங்களைக் கேட்கிறேன். நாளைக்கு அந்தப் பெண்ணின் எதிரே உட்கார்ந்து நான் என்ன சொல்லட்டும்? இப்படிப்பட்ட வீட்டில் உட்கார்ந்து எழுந்தவர்கள் யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள்.