பின்னாலிருந்து கூப்பிடாத வீடு

என் கணவர் ஆப்பிரிக்காவுக்குப் போய் சில மாதங்களாகின்றன. அங்கே ஒரு தங்கச் சுரங்கத்தில், தண்ணீர் இறைக்கும் பம்புகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. இங்கே தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய மைசூர் மைன்ஸ் லைன் வீட்டில் பிறந்தவர் வேறொரு நாட்டுத் தங்கத்துக்காக நிலத்துக்குள் இறங்குகிறார்.

அதற்கு முன் பெங்களூரில் ஒரு பட்டறையில் பம்பு உதிரிபாகங்களை லேத்தில் கடைந்துகொண்டிருந்தார். விடியற்காலை ரயிலில் போய் இருட்டிய பிறகு வருவார். அதே பாகம் வெளிநாட்டிலிருந்து மலிவாக வரத் தொடங்கியதும் பட்டறையை மூடிவிட்டார்கள். எங்கள் வீட்டுக்கு இது புதிதல்ல. மாமனார் வேலை செய்த தங்கச் சுரங்க ஷாஃப்டையும் இப்படித்தான் மூடினார்கள். அவ்வளவு ஆழத்திலிருந்து தங்கத்தை மேலே கொண்டுவருவதைவிட வெளியே வாங்குவது மலிவாம்.

நான் கல்லூரியில் பொருளாதாரம் கற்பிக்கிறேன். ஒவ்வொரு நாட்டுக்கும் ஏதோ ஒன்று ஏராளமாக வாய்த்திருக்கும். ஓரிடத்தில் நிலம், ஓரிடத்தில் மூலதனம், நம்மிடம் உழைக்கும் கைகள். மிகுந்திருப்பதை விற்று அரிதானதை வாங்கினால் இரண்டு நாடுகளும் நலம் பெறும். வருடந்தோறும் கரும்பலகையில் கோடுகள் வரைந்து இதை விளக்குகிறேன். பொய்யில்லை, நாட்டின் மொத்த நலம் கூடத்தான் செய்கிறது. லாபமடைந்தவர்கள் இழந்தவர்களுக்கு ஈடு செய்ய முடியும் என்றும் பாடத்தில் வரும். செய்வார்களா என்பது வராது.

வேலைக்கு அழைப்பு வந்த அன்று, மகளுக்கு இட்லி ஊட்டிக்கொண்டே அவர் கேட்டார்.

“இன்னா சொல்றே? போவட்டுமா, வேணாவா?”

ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. நானோ, இங்கே உங்களைப் போல நிறையப் பேர், அங்கே குறைவு, அதனால்தான் சம்பளம் அதிகம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

“டீச்சரம்மா, பாடத்த கேக்கல. உன்னத்தான் கேக்கறேன்.”

“பாப்பாவுக்கு நல்லதுதானேங்க?”

அவர் மகளின் வாயைத் துடைத்தார். “அப்ப சரி. தங்கத்த இம்போர்ட் பண்ணாங்க, இப்ப என்னைய எக்ஸ்போர்ட் பண்றாங்க. டேலி ஆய்டுச்சு.”

மாமனார் சிரிக்கவில்லை. “அங்க கேஜ் எப்பிடி கீதுன்னு பாத்துட்டு ஏறுடா” என்றார். ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் கூண்டு அது.

சுரங்க வீடுகளில், ஷிஃப்டுக்குக் கிளம்பியவரைப் பின்னாலிருந்து கூப்பிட மாட்டார்கள். டிபன் பாக்ஸை மறந்து போனாலும், யாராவது ஓடிப்போய் முன்னால் நின்று கொடுப்பார்களே தவிர, குரல் கொடுப்பதில்லை. சுரங்கம் மூடி வெகுகாலம் கழித்து மருமகளாக வந்தவள் நான். இதையெல்லாம் நம்புகிறவள் என்று என்னை நினைத்ததில்லை.

கிளம்பிய அன்று அவர் பெட்டியோடு வாசல் இறங்கினார், மாமனார் என் பக்கத்தில் நின்றிருந்தார். தெருமுனையில் ஆட்டோ நின்றது. போக வேண்டாம் என்பது என் தொண்டை வரை வந்துவிட்டது. அப்போது என் இடுப்பிலிருந்த மகள் “அப்பா!” என்று கத்தினாள். அவள் மறுபடி கத்துவதற்குள் என் கை அவள் வாயைப் பொத்திவிட்டது. அவள் திமிறினாள், நான் கையை எடுக்கவில்லை. அவர் திரும்பாமலே ஏறிக்கொண்டார்.

ஓடிப்போய் அவர் முன்னால் நின்றிருக்கலாம். வழக்கமே அதற்கு இடம் கொடுத்திருந்தது. ஆட்டோ போன பிறகுதான் அது எனக்குத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் வருவார். முதல் தடவை, “பாப்பா, அப்பா சொல்லு” என்றார். அவள் திரையையே பார்த்தாள். பிறகு தன் சின்னக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“இன்னாடி, அதுக்குள்ள வெக்கமா?” என்று சிரித்தார்.

மாமனார் என்னைப் பார்த்துவிட்டு எழுந்து வெளியே போனார்.

“ஆமாங்க, வெட்கம்” என்றேன்.

நேற்றும் அழைத்தார். இன்னும் வெட்கம் போகவில்லையா என்று கேட்டார், இந்த முறை சிரிக்காமல். நான் அவள் கையை மெதுவாக விலக்கிப் பிடித்துக்கொண்டு, “சொல்லுடா, சத்தமா சொல்லு” என்றேன். அவள் உதடுகளை இறுக மூடிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள்.